துணிப்பையில் இரண்டு திருகாணிகள்

பழைய பியானோவைத் திறந்தால் முதலில் கிடைப்பது ஹேர்பின்தான். அப்புறம் பென்சில் துண்டு, சீட்டுக்கட்டில் காணாமல்போன ஒற்றைச் சீட்டு, சட்டைப் பொத்தான். ஒரு முறை ஒரு குழந்தையின் பால்பல்கூடக் கிடைத்தது. எதையும் நான் எறிவதில்லை. கழற்றியது பூச்சி அரித்த கம்பளித் துண்டாக இருந்தாலும், மட்கிய தோலாக இருந்தாலும், ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, வேலை முடிந்ததும் பியானோவுக்கு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற எதையும் மாற்றக் கூடாது. என் பட்டறையில் இந்த இரண்டையும் நான் மீறியதே இல்லை. ஒரே ஒரு தடவை, ஒன்றை மட்டும் மீறினேன். அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நானும் அக்காவும் மட்டும். அம்மா இறந்தபோது எனக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது. அப்பா அதற்கு முன்பே எங்களைக் கைகழுவிவிட்டுப் போயிருந்தார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தெருப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து என்னை வளர்த்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், "முதல்ல இவன் ஒரு ஆளாகட்டும்" என்றாள். நான் ஆளாவதற்குள் பேச்சு எடுக்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் புத்தகக் கடைக்காரர் வந்தார். மனைவியை இழந்தவர். நரைத்த தலை, எப்போதும் கையிடுக்கில் ஒரு புத்தகம். அவர் வீட்டு மாடியில் கிடந்த தானே வாசிக்கும் பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் துருத்தி காற்றை இழுக்கும். மேலே ஒரு காகிதச் சுருள் ஓடும். காகிதத்தில் எங்கே துளை இருக்கிறதோ அங்கே காற்று புகுந்து, அதற்குரிய கட்டை தானாக இறங்கும். வாசிக்க ஆளே வேண்டாம். அந்தப் பியானோவின் துருத்தித் தோல் தொட்டாலே உதிர்ந்தது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று அவர் கேட்கவில்லை. "அவசரமே இல்ல, நிதானமாப் பண்ணுங்க" என்றார். என் தொழிலில் அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். நிதானமாகப் பண்ணச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வாரமும் வந்து நின்றார். பியானோவைப் பார்க்க வந்தவர் பியானோ இருக்கும் பக்கமே திரும்பமாட்டார். அக்கா டீ கொண்டுவருவாள். அவர் ஏதோ சொல்வார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த வயதில் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பியானோ போறப்ப நானும் கூடப் போயிடுவேன்டா."

"எங்க?"

"எங்கன்னு கேக்குறான் பாரு. நீ என்ன சின்னப் பிள்ளையா? சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

"நல்லது அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கல்யாணப் பரிசாக ஒரு சுருள் செய்து தருவதாகவும் சொன்னேன். அம்மா போனபிறகு என்னைத் தூங்கவைக்க அவள் வாசிக்கும் ஒரு மெட்டு உண்டு. கட்டைகளோடு பென்சில் முனைகளைப் பொருத்தி, ஓடுகிற காகிதத்தில் அவள் வாசிப்பதைக் கோடுகளாக விழவைத்தேன். பிறகு ஒவ்வொரு கோட்டையும் சிற்றுளியால் வெட்டித் துளையாக்கினேன். ஓர் இடத்தில் அவளுடைய மோதிரவிரல் எப்போதும் சற்றுப் பின்தங்கும். அதைத் திருத்தாமல் அப்படியே வெட்டினேன். முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அக்காவே உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. பியானோவும் போகும், சுருளும் போகும், அவளும் போவாள். என் வேலை எவ்வளவு ஒழுங்காக முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் போவாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பசைச் சட்டியைக் கழுவி வைத்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். புத்தகக் கடைக்காரர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் யோசித்ததெல்லாம் அக்காவின் குணத்தைத்தான். அவள் யாருக்கும் பாரமாக இருக்கச் சம்மதிக்காதவள். ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் ஊட்டிவிட்டால்தான் சாப்பிட முடியும் என்ற நிலை வந்தால், அந்த வீட்டுக்குப் போகவே மாட்டாள். என் விஷயம் வேறு. என்னை அவள் ஊட்டி வளர்த்திருக்கிறாள். நான் ஊட்டினால் கணக்குச் சரியாகிவிடும்.

அந்தப் பியானோவில் கட்டைகளை மூடும் பலகை நல்ல கனம். விளிம்பில் பித்தளைப் பட்டை. அது நிமிர்ந்து நிற்கும்போது விழாமல் பிடிக்கும் இரும்புத் தாங்கியை இரண்டு நீளத் திருகாணிகள் மரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுக் குட்டைத் திருகாணிகள் போட்டேன். சும்மா நின்றால் தாங்கும். அழுத்தி வாசித்தால் அதிர்வில் கழன்றுவிடும்.

"ஒரு தடவ நல்லா அழுத்தி வாசி அக்கா, சுருதி நிக்குதான்னு பாக்கணும்" என்றேன்.

பலகை கைகள்மேல் விழுந்தபோது அவள் அலறவில்லை. "டேய்" என்று மட்டும் கூப்பிட்டாள். சின்ன வயதில் நான் தெருவில் இறங்கி ஓடினால் கூப்பிடுவாளே, அதே குரல். பசை அடுப்பில் இருந்தது. அதை அணைத்துவிட்டுப் போனேன்.

எலும்புகள் கூடிவிட்டன, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கையிலும்தான். புத்தகக் கடைக்காரர் தினமும் வந்தார். கெஞ்சினார். "வேண்டாங்க. பட்டன்கூட போட்டுக்க முடியாதவ உங்களுக்கு எதுக்கு?" என்று அக்கா சுவரைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். நான் நினைத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்போல நான் நிம்மதியாக இருந்ததே கிடையாது. காலையில் அவளுக்குத் தலைவாரிவிடுவேன். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து ஊட்டுவேன். சாயங்காலம் அவளைப் பியானோ முன்னால் உட்காரவைத்து நான் பெடலை மிதிப்பேன். கட்டைகள் தானாக இறங்கி எழும். மோதிரவிரல் தயங்கும் இடத்தில் தயங்கும். அக்கா மடியில் கிடக்கும் தன் கைகளைப் பார்ப்பாள், கட்டைகளைப் பார்ப்பாள், கண்ணீர் வழியும். துடைத்துவிடுவேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் பியானோவை எடுத்துப்போக வண்டியோடு வந்தார். சுருளை நான் கொடுக்கவில்லை, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். துணிப்பையை மட்டும் மேஜைமேல் வைத்தேன். பையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில் அக்காவுக்கு எப்போதுமே ஆசை. அவிழ்க்கச் சொன்னாள். மணிக்கட்டால் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். ஹேர்பின், கம்பளித் துண்டு, மட்கிய தோல். அவற்றின் நடுவே இரண்டு நீளத் திருகாணிகள்.

"இது எங்கருந்து எடுத்ததுடா?"

"மூடிப் பலகையிலேருந்து."

"மரை தேயவே இல்லையே. நல்லா இருக்கறத நீ மாத்தவே மாட்டியேடா."

துருப்பிடித்திருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவற்றைக் குப்பையில் வீசியிருந்தால் அந்த வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கழற்றியதைப் பையில் போட்டுப் பழகிய கை, தானாகப் போட்டுவிட்டது. தொழில் விஷயத்தில் நான் பொய் சொன்னதும் இல்லை. அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். அவளுக்கு அது அப்போதே புரிந்துவிட்டது.

பியானோவை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. சுருள் தரையெல்லாம் விரிந்து கிடக்க, அக்கா மண்டியிட்டு, காகிதத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று அவரிடம் சொன்னாள். அவர் கீழே உட்கார்ந்து அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டார்.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறாளாம். அவர்தான் ஊட்டிவிடுகிறாராம். என்மேல் புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், கோபம் எத்தனை நாளைக்கு? எனக்கு ஓர் உதவி செய்யுங்கள் ஐயா. அந்தச் சுருளின் துண்டுகளையும் கொஞ்சம் பசையையும் இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மெல்லிய காகிதம் வைத்து ஒட்டினால் கிழிந்த இடமே தெரியாது. அவள் திரும்பி வரும்போது அது ஓட வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?