டோஸ்ட் சொல்ல வேண்டியவர் ஜங்கார்ல இருக்கார்

ஹலோ… ஹலோ! ஏன்னா, ஸ்வர்ணம் பேசறேன். … லைன்ல இருக்கேளா? … ஒரு 'ம்'மாவது சொல்லுங்கோ. …

ஆங். அது போறும்.

எங்கே இருக்கேள்? … வெத்திலை வாங்கவா? மூணு மணிக்குப் போனேள், இப்போ அஞ்சேகால். கொடி நட்டு வளர்த்துண்டா இருக்கேள்? … பொய் சொல்லாதேங்கோ. ஆட்டோ ஓட்டற யூசுப் இக்கா இப்பத்தான் வந்து சொன்னார். "மாமி, கல்யாணப் பொண்ணோட அச்சன் போர்ட் கொச்சியில ஜங்கார் படகுல ஏறி வைப்பினுக்குப் போறார், இறங்காமத் திரும்பி வரார், மறுபடி போறார்"னு. … எத்தனை தடவை? … ஆறா! அக்கரையில யாரு இருக்கா உங்களுக்கு?

…

இங்கே மட்டாஞ்சேரியில, மண்டபத்துல, மாப்பிள்ளையாத்து அயர்லாந்துக்காரா இருபத்திரெண்டு பேரும் கையில கிளாஸை வெச்சுண்டு உட்கார்ந்திருக்கா. … பானகம்தான். பின்னே, நம்ம மண்டபத்துல வேற என்னத்தை ஊத்தறது? … ஆமா, ஆமா, உங்களுக்குப் பேச வராது, தெரியும். முப்பது வருஷமா உங்களுக்கும் சேர்த்து நான்தானே பேசிண்டிருக்கேன். ஆனா அவா ஊர்ல பொண்ணோட அப்பாதான் எழுந்து நின்னு, கிளாஸைத் தூக்கி, டோஸ்ட் சொல்லணுமாம். அவர் வாழ்த்தாம யாரும் ஒரு வாய் குடிக்கப்படாதாம். மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் கிளாஸை மோந்து மோந்து பார்த்துண்டிருக்கார், பாவம்.

…

மாப்பிள்ளையோட தங்கை ஒரு பேப்பர் குடுத்தாளே, அவா ஊர்ப் பழைய வாழ்த்தெல்லாம் எழுதி? அதுல ஒண்ணைப் படிச்சாப் போறுமே. … என்னது, படிக்கவே முடியாதா? … இருங்கோ, என்கிட்டயும் ஒரு காப்பி இருக்கு. கண்ணாடி… ஆங். முதல் வாழ்த்து. 'நீங்க செத்துப் போனது சைத்தானுக்குத் தெரியறதுக்கு அரை மணி முன்னாடியே சொர்க்கத்துல…'

சிவ சிவா!

தாலி ஏறி ஏழு மணி நேரம்கூட ஆகலை! … ஆமா, ஆமா. மேலே ததாஸ்து தேவதைகள் சுத்திண்டே இருக்கும், எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்'னுடும். அது வேண்டாம். அடிச்சுட்டேன். அடுத்தது… 'உங்க வயல்ல மெல்ல மழை பெய்யட்டும்.' இது நன்னாத்தானே இருக்கு? … ஆமா, பந்தல்ல ஏற்கெனவே தண்ணி. காத்தால சமையக்காரரோட செருப்பு மிதந்து போயாச்சு. அதுவும் வேண்டாம். மூணாவது… 'நம்மளைப் பிடிக்காதவாளோட கணுக்காலைப் பகவான் திருகி விடட்டும். நொண்டறதைப் பார்த்து அவா யாருன்னு தெரிஞ்சுக்கலாம்.'

ஏன்னா! உங்க அக்கா முழங்கால் ஆபரேஷன் பண்ணிண்டு, முன் வரிசையில உட்கார்ந்திருக்கா!

… சிரிச்சேள். … இல்லை, சிரிச்சேள். கேட்டுது.

ஷெரி, பேப்பரைக் கிழிச்சாச்சு. சொந்தமா ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. காத்தால கன்னிகாதானம் பண்றச்சே சொல்லலையா? சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல, ஒண்ணு விடாம… …

என்ன சொன்னேள்?

… ம். … ம். அது என்னன்னு தெரியாம சொல்லிட்டேள். இது தெரிஞ்சு சொல்லணும். அதானா?

… இல்லை, நான் குறுக்கே பேசலை. …

ஏன்னா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கப்படாது. நம்ம பொண்ணு அதிதி உள்ளே தனியா உட்கார்ந்திருக்கா. "அப்பாக்கு இந்தக் கல்யாணம் இஷ்டமில்லை, அதான் எழுந்து போயிட்டார்"ங்கறா. கண் மை எல்லாம் கன்னத்துல வந்தாச்சு. … உங்களுக்கு மாப்பிள்ளை டெக்லனைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்தாத்தானே? …

ஒரு நிமிஷம், சம்பந்தி வரார். எஸ், எஸ், கமிங், கமிங். ஹி இஸ் இன் தி போட். … நோ, நோ, நாட் லீவிங். ஒன்லி கோயிங் அண்ட் கமிங், கோயிங் அண்ட் கமிங். … என்னத்துக்கோ சிரிச்சுண்டு போறார். நல்ல மனுஷர்.

ஷெரி, டோஸ்டை விடுங்கோ. கிளாஸையும் விடுங்கோ. டெக்லன் மட்டும் உங்க பக்கத்துல நிக்கறான்னு வெச்சுக்கோங்கோ. அவன்கிட்ட என்ன சொல்லணும்னு தோணறது? … இங்கிலீஷ் வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ.

…

… இருக்கேன், இருக்கேன். அந்த ஹார்ன் அடங்கட்டும்.

…

'அவ தூங்கறச்சே காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிப்பா.' ம். … 'குட்டியிலேர்ந்து அப்படித்தான். இத்தனை நாள் நான் எழுந்து மூடி விட்டேன்.' ம். … 'உங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி. இனிமே நீ எழுந்துக்கணும்.'

…

…

இல்லை, ஒண்ணுமில்லை. கண்ணாடியைத் தொடைச்சுண்டிருந்தேன். … நன்னாயிருக்கு. இதைச் சொல்லுங்கோ. இது போறும்.

… அய்யோ, அதிதி, நீ எப்போடி வந்து பின்னாடி நின்னே? … ஆமாண்டி, அப்பாதான். அப்பாவே சொன்னது, நான் கூட்டிச் சொல்லலை. அழாதே, மூக்குத்தி… ஏய், எங்கே ஓடறே? புடவை தடுக்கும்! அதிதி!

ஏன்னா, இவ யூசுப் இக்காவோட ஆட்டோல ஏறிட்டா! … எங்கேயா? உங்ககிட்டத்தான்! டெக்லன் வேஷ்டியைக் கையில பிடிச்சுண்டு பின்னாலேயே ஓடறான். … சம்பந்தியும்! ஸிட், ஸிட், ப்ளீஸ் ஸிட்! … ஒருத்தரும் கேக்கலை. எல்லாரும் கிளாஸோட எழுந்தாச்சு. ஒருத்தர் பாட ஆரம்பிச்சுட்டார்.

நீங்க இறங்கவேண்டாம். இப்போ எந்தக் கரை? … வைப்பினா? அதுலயே திரும்பி வாங்கோ. போர்ட் கொச்சியில நாங்க ஏறிக்கறோம். நடுத் தண்ணியில சொல்லுங்கோ. … இப்போ சொன்ன அதே மூணு வரிதான். அதிதி இங்கிலீஷ்ல சொல்லிப்பா. …

ஆமா, டிக்கெட் எடுத்து வையுங்கோ. … எத்தனையா? இருங்கோ, எண்ணறேன்… நாப்பத்திமூணு. … நாப்பத்தி… மூணு! … அண்டாவுக்கு டிக்கெட் உண்டான்னு கேளுங்கோ. … பானக அண்டாதான், பின்னே எல்லாரும் வெறும் கிளாஸையா தூக்கறது? … சமையக்காரர் ஒரு காதைப் பிடிச்சுட்டார், இன்னொரு காதைப் பிடிக்க ஆளில்லை. வெச்சுடறேன், எனக்கு ரெண்டு கையும் வேணும்.