பழைய ரேஷன் கடைக்கு ரெண்டு மனு

— அந்தக் கட்டடத்துக்குப் பூட்டு போட்டது நாங்க இல்ல சார். மாமி தெருக்காரங்க. இன்னா ஏதுன்னு அவங்களையே கேளுங்க.

— பூட்டாம என்ன பண்றது கங்கம்மா? உள்ள உக்காந்து குடிச்சுட்டு பாட்டிலை உடைச்சுப் போடறா. கோயிலுக்குப் போற வழி அது. எங்காத்துக்காரர் விடியக்காலம்பற வெறுங்காலோட நடக்கறவர்.

— குடிக்கிறவன் எல்லாம் எங்க காலனியா மாமி? உங்க தெருவுலேர்ந்தும்தான் வர்றான். பேர் சொல்லட்டா?

— ரெண்டு பேரும் இப்படி நிழல்ல உக்காருங்கம்மா. நான் எபினேசர், டிரஸ்ட்லேருந்து வரேன்னு போன்லயே சொன்னேன் இல்லையா? இந்த மாதிரி வேலைக்குப் பாதிப் பணம் டிரஸ்ட் குடுக்கும், மீதிய பேரூராட்சி போடும். ஆனா ஒரு ஏரியாவுக்கு ஒரு கட்டடம்தான். நீங்க என்னடான்னா இதே பழைய ரேஷன் கடையைக் கேட்டு ஆளுக்கு ஒரு மனு போட்டிருக்கீங்க.

— நாங்கதான் சார் மொதல்ல எழுதனோம்.

— எழுதினது சரி, எங்களைத் திட்டித்தான் எழுதணுமா? 'இப்பகுதியின் முக்கியப் பிரச்சினை பெருமாள் கோயில் தெரு'ன்னு எழுதியிருக்கேளே.

— நீங்க மட்டும் இன்னா எழுதினீங்களாம்? 'பின்புறக் காலனியால் சுகாதாரக் கேடு'ன்னுதானே?

— அதை விடுங்கம்மா. கோதைநாயகி அம்மா, நீங்க சொல்லுங்க. இந்த எடம் உங்களுக்கு எதுக்கு?

— படிக்கறதுக்கு சார். எங்க பொண்ணு அமிர்தா சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதறா. ஆத்துல இருக்கறது ஒரே கூடம். யாராவது வந்துட்டா புஸ்தகத்தைத் தூக்கிண்டு அவ வாசப்படிக்குப் போகணும். இவளை மாதிரி இன்னும் எத்தனையோ பொண்கள் தெருவுல இருக்கா. நூலகத்துக்குப் போறதுன்னா ரயில்வே கேட்டைத் தாண்டணும். சாயங்காலம் அந்த லாரி வரிசைக்கு நடுவுல அனுப்ப பயமா இருக்கு. நாலு பெஞ்சு, ஒரு ஃபேன், நல்ல வெளிச்சம். வேற என்ன கேட்டோம்?

— கங்கம்மா, உங்களுக்கு?

— கொழந்தைங்கள உட்டுட்டுப் போறதுக்கு சார். எங்க காலனி பொம்பளைங்க எல்லாம் சிப்காட்டுலதான் வேலை. விடிஞ்சா போதும், கம்பெனி பஸ்ஸு ஹார்ன் அடிச்சிக்கினு நிக்கும். பால்வாடி தொறக்கறதுக்குள்ள பஸ்ஸு பூடும். டப்பு குடுத்து ஆள் வைக்கறதுன்னா சம்பளமே அதுக்கு சரியாப் போவும். அதனால பெரிய புள்ளைங்கதான் சின்னதுங்கள பாத்துக்குது.

— பெரிய புள்ளைங்கன்னா?

— எங்க ஊட்டுல பூமிகா. அஞ்சாங்கிளாஸ் படிக்குது. அதோட தம்பி, எங்க சின்ன நைனாவ, இடுப்புல வச்சிக்கினே சுத்துது. பாதி நாளு இஸ்கூலு கெடையாது.

— பூமிகாவா? காலம்பற பொங்கலுக்குக் கோயில்ல வந்து நிப்பாளே, ரெட்டை ஜடை போட்டுண்டு, அந்தப் பொண்ணா?

— அதேதான் மாமி.

— ராமா. அவளை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன். பள்ளிக்கூடம் போகாம இங்க என்னடி வேலைன்னு. சிரிச்சுண்டே போயிடுவா.

— ஊட்டுல வந்து சொல்லும். 'அந்த மாமி நல்லா திட்டுது, ஆனா தொன்னை நெறைய குடுக்குது'ன்னு.

— எபினேசர் சார், எங்க மனுவைக் கிழிச்சுப் போட்டுடுங்கோ. அமிர்தா வாசப்படியிலயே படிக்கட்டும்.

— இன்னா மாமி, பொசுக்குனு இப்படி சொல்லிட்டீங்க? அதுவும் பொண்ணுதானே, அது படிக்க வேணாமா?

— உங்க பொண்ணு மொதல்ல அஞ்சாங்கிளாஸைத் தாண்டட்டும்.

— இருங்க மாமி, ஒரு நிமிசம். சாயங்காலம் நாங்க வந்து புள்ளைங்கள தூக்கிக்கினு போயிட்டா இந்த எடம் சும்மாதானே கெடக்கப் போவுது? அப்ப அமிர்தா வந்து குந்திப் படிக்கட்டுமே. எங்க காலனிலயும் படிக்கிற பொண்ணுங்க இருக்குது. அதுங்களும் கூட வரும்.

— பகல்ல தொட்டில், சாயங்காலம் பெஞ்சு. நன்னாத்தான் இருக்கு.

— நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு சிக்கல். டிரஸ்ட் ஒரு ஆயாவுக்குத்தான் சம்பளம் குடுக்கும். இத்தனை குழந்தைங்களுக்கு ஒருத்தர் பத்தாது. இன்னொரு ஆளுக்கு எங்க போறது?

— நான் வரேன்.

— நீங்களா மாமி?

— ஏன், எனக்குக் கை இல்லையா?

— அதுக்கில்ல. எங்க புள்ளைங்க மூக்க ஒழுக்கிக்கினு வரும். மேலயே ஒண்ணுக்கு போவும். நீங்க கோயில் மனுசங்க, மடி ஆச்சாரம்னு இருப்பீங்க. இத்தினி வருசத்துல எங்க காலனிப் பக்கம் கால் வச்சதில்ல. நாளைக்கு உங்க தெருவுல நாலு பேர் பேசினா பேஜாரு உங்களுக்குத்தான்.

— பேசட்டும். கோயில் கைங்கர்யம் எங்காத்துக்காரருக்கு. எனக்கு அடுப்படியில தளிகை முடிஞ்சா பொழுதே போகறதில்ல. ஒண்ணுக்குப் போனா துடைச்சு விடறேன். அமிர்தாவுக்குத் துடைச்ச கைதானே இது? ஏன் கங்கம்மா, அப்படிப் பாக்கறேள்?

— ஒண்ணுமில்ல மாமி. கண்ணுல தூசி.

— உங்க வீட்டுக்காரர் தேவராஜன் ஐயா ஒத்துக்குவாராம்மா?

— மொதல்ல முணுமுணுப்பார் சார். அப்பறம் அவரே குழந்தைகளுக்குன்னு பொங்கலைத் தூக்கிண்டு வந்து நிப்பார். அவரை எனக்குத் தெரியாதா?

— அப்ப ரெண்டு தெருவும் சேந்து, புதுசா ஒரே மனுவா எழுதிக் குடுங்க. நான் எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு வந்துடறேன்.

— எதுக்கு சார் புதுசா? எங்க மனுவுலயே மாமி பேரையும் சேத்துக்கறோம். அந்தத் திட்டுன எடத்த மட்டும் அடிச்சிட்டா போச்சு.

— எங்களோடதுலயும் அந்த ஒரு வரிதான் சார். நானே அடிச்சுத் தந்துடறேன்.

— அது ரெண்டும் இனிமே ஆகாதும்மா. ரெண்டு தெருவும் ஒத்துப்போகலன்னு போன வாரமே டிரஸ்ட் கமிட்டியில தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதை நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன், இவ்ளோ நேரமா எனக்கு வாய் வரல. நீங்க எழுதுங்க, இதையும் எப்படித் தள்ளுறாங்கன்னு நான் பாத்துக்கறேன்.