தலைவர் நெற்றியில் ஓட்டை

மரக்காணத்தில் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும், சார். உப்புக் காற்று. உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன், அதுவும் தயாராகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினாறு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் காற்று தின்று போட்ட டிவி, மிக்ஸி, செல்போன்தான் எனக்குச் சோறு போட்டது. அதனால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அபாயப் பெட்டி என் யோசனைதான். கடலில் மாட்டிக்கொண்டால் பிளாஸ்டிக் மூடியை உடைத்து, உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். கரைக்குச் சேதி வந்துவிடும். பக்கத்து அனுமந்தைக் குப்பத்துப் படகுகளுக்கு நாற்பத்திரண்டு பெட்டி செய்து கொடுத்தேன்.

ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும், நட்ட நடுவில், மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருந்தேன். அதன் மேல் ஒரு வெள்ளைப் படலம். காற்று போகும் வரும், தண்ணீர் நுழையாது. தண்ணீர் புகாத பெட்டிக்கு எதற்கு ஓட்டை என்று கேட்காத ஆள் இல்லை. சூடான சோற்றை டப்பாவில் போட்டு இறுக மூடிப் பாருங்கள். ஆறினதும் மூடி திறக்க வராது, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெட்டியும் அப்படித்தான். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். அலை அடித்துக் குளிர்ந்ததும் திரும்ப இழுக்கும். ஓட்டை இருந்தால் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் ரப்பர் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீரை இழுக்கும். முழுக்க அடைத்த பெட்டிதான் தண்ணீர் குடிக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

வழங்கும் விழாவுக்கு முதல் நாள், மீனவர் சங்கச் செயலாளர் பாவாடை அண்ணன் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தார். சிறப்பு விருந்தினராக வரப்போகும் தலைவரின் படம். வட்டமாக, சிரித்த முகம். பெட்டியின் நடுவில் ஒட்ட வேண்டும்.

"அண்ணே, நடுவுல ஓட்ட இருக்குது. ஓரமா ஒட்டிக்கலாம்."

"ஓரமாவா? தலைவரையே ஓரங்கட்டிட்டேன்னு என் கதைய முடிச்சிடுவானுங்க."

"அப்ப ஸ்டிக்கர்ல சின்னதா ஒரு ஓட்ட போட்டுக்கறேன்."

அவர் ஸ்டிக்கரைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தார். ஓட்டை சரியாகத் தலைவரின் நெற்றிக்கு வந்தது.

"ஏம்பா, தலைவர் நெத்தியில ஓட்ட போடுவியா? நீ எஞ்சினியரா, எதிர்க்கட்சியா?"

சிரித்தேன். நாற்பத்திரண்டையும் நானே ஒட்டினேன். அடியில் குமிழ் நிற்காமல் நகத்தால் நீவி நீவி ஒட்டினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

விழாவில், ரோஜா இதழ் மிதந்த அண்டாவில் தலைவர் ஒரு பெட்டியை முக்கி எடுத்தார். போட்டோவுக்காக நாலு தரம். ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்டுபிடிப்பாளர் என்று எனக்குச் சால்வை போட்டு மைக்கையும் கையில் கொடுத்தார்கள். ஓட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "அனைவருக்கும் நன்றி" என்றேன். முன்வரிசையில் என் தங்கை யுவராணியின் புருஷன் தமிழ்வேந்தன் விசிலடித்தான். முதல் பெட்டி அவன் கைக்குத்தான் போனது.

ஏழு வாரம் கழித்து அவன் தனியாகக் கடலுக்குப் போனான். கிளம்பும்போது வீட்டில் சின்னச் சண்டை. பாண்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று மூன்று வாரமாக ஏய்த்துக்கொண்டிருந்தான். "போ, அப்படியே போய்த் தொலை" என்றாளாம். எந்த வீட்டில் சொல்லவில்லை? மூன்றாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. பெட்டி அதில் கட்டியபடியே இருந்தது.

பெட்டியைச் சோதிக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? உள்ளே ஒரு கரண்டி தண்ணீர். போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது, வாரக்கணக்கில் ஊறின களிம்பு. மேலே மூடி உடைந்திருந்தது. பொத்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளேயே சிக்கியிருந்தது. ஒரு தரம் இரண்டு தரம் அமுக்கினால் அப்படி ஆகாது.

வேறு போர்டு வைத்தேன். வேறு பொத்தான். புது மூடி. மறுநாள் சங்கத்தில் மூடி உடையாமல் இருப்பதை எல்லாருக்கும் காட்டினேன். பிறகு நானே உடைத்து அமுக்கினேன். சேதி வந்தது.

"பொட்டியில ஒரு கோளாறும் இல்ல. அவன்தான் அமுக்கல, பாவம்" என்றார் பாவாடை அண்ணன். தலைவர் பெயர் பிழைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் யுவராணி கடைக்கு வந்தாள்.

"ணா, பொட்டி நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதாம்மா இருந்துச்சு."

பொத்தானைக் காட்டச் சொன்னாள். மேஜை மேல் இருந்த ஒன்றைக் கொடுத்தேன். சுண்டுவிரலால் அமுக்கினாள். விளக்கு எரிந்தது.

"இவ்ளோதானா? இதுக்குக்கூட அதுக்கு மனசு வரலியா? நான் சொன்னத மனசுல வச்சிகிச்சாணா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. பிள்ளையைக்கூடக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். தன் வாய்தான் அவனைக் கொன்றது என்று நினைக்கிறாள்.

மற்றப் பெட்டிகளின் ஸ்டிக்கரைப் பிய்த்திருக்கலாம். பிய்த்தால் ஏன் என்று கேட்பார்கள். படகுகள் அவை பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. போன வாரம் நீங்கள் திறந்து பார்த்ததில் இருபத்தாறு பெட்டியில் தண்ணீர் என்கிறீர்கள். முப்பதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைத்தது நான். மூடியை மாற்றியது நான். தமிழ்வேந்தன் பொத்தானை அமுக்கினான், விடாமல் அமுக்கினான். அவன் வீட்டுக்கு வரத்தான் பார்த்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். யுவராணிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், சார். இளகின மனசு, தாங்க மாட்டாள். இப்போதுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள்.