சடசடப்பு அடங்குமுன் இறக்கிய மெழுகு

பண்டத்தரிப்பை விட்டு நடக்கிறோம். வெயில் ஏறவில்லை. என் தலையில் மெழுகுச் சட்டி. பின்னால் சூசை அண்ணை. மேற்கே ஷெல் புறப்படும் ஒரு 'டும்'. ஆறு எண்ணுவதற்குள் கூவல். பிறகு வெடி.

"விழுந்து படடா!"

படுத்தேன். மண் முதுகில் கொட்டியது. எழும்பினோம். நடந்தோம்.

ஏன் நடந்தோம் என்று எழுதி வைக்கிறேன். மறக்கக்கூடாது.

சூசை அண்ணை குருநகர்க்காரர். கடலுக்குப் போகத் தடை. அதனால் பண்டத்தரிப்பில் இருந்து தேன்மெழுகு காய்ச்சிக் கோயில்களுக்குக் கொடுத்தார். நான் ஊர் ஊராய்த் திரிந்தவன். ஐந்தாம் வகுப்போடு சரி. பனைப் பொந்துகளில் தேனடை எடுப்பேன். கொட்டு வாங்குவேன். அடையைத் தண்ணீரில் கொதிக்க வைப்போம். பழஞ்சாரத் துணியில் வடிப்போம். ஆறியதும் மெழுகு மேலே கட்டியாகும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டுவோம். பிறகு தண்ணீர் விடாமல் மறுபடி உருக்குவோம். ஈரம் இருந்தால் சடசடக்கும். சத்தம் அடங்கினால்தான் இறக்கலாம்.

துவக்குக்காரர், ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள், வந்தார்கள். கிறீஸ் தட்டுப்பாடு. மெழுகில் தேங்காய் எண்ணெய் கலந்து தா, துவக்குக்குப் பூச வேண்டும் என்றார்கள். கேட்கவில்லை. சொன்னார்கள். முந்தின வருடம் அண்ணையின் தம்பியை விசாரணைக்கென்று கூட்டிப் போனவர்களும் அவர்கள்தான். உடல்கூட வரவில்லை.

அண்ணை ஒரு வாளி கடல் தண்ணீர் கொண்டுவந்தார். எண்ணெய் கலந்து உருகிய மெழுகில் ஊற்றினார். சடசடக்கும்போதே இறக்கினார்.

"அண்ணை, இன்னும் வெடிக்குது."

"எனக்கென்ன காது செவிடே? கிண்டடா."

இறுகும்வரை கிண்டினேன். உப்புத் தண்ணீர் உள்ளேயே அகப்பட்டது. கொடுத்தோம்.

மூன்றாம் வாரம் திரும்பி வந்தார்கள். துவக்குகளில் கறள், சிவந்த துரு.

"என்னண்ணை கலந்தனியள்?"

"கடற்கரைப் பக்கம், தம்பி. காத்தே உப்பு."

"உதை நாங்கள் நம்போணும்? நாளைக்கு வாறம். எங்கடை கண்ணுக்கு முன்னாலை காய்ச்சுங்கோ."

காய்ச்சியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். அண்ணை மாட்டேன் என்றார். இருந்த மெழுகையும் விட்டுவரவில்லை. விடியமுன் வெளிக்கிட்டோம்.

அளவெட்டிக்குக் கால் மைல் இருக்கும். இந்த முறை கூவல் இல்லை. வெடி மட்டும், என் வலது காதோரம். அண்ணை பனையோடு சாய்ந்து கிடக்கிறார். வயிற்றில் கை.

"மெழுகை எடுத்துக்கொண்டு ஓடடா! அவங்களிட்டைக் குடுக்காதை!"

ஓடவில்லை. மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன். வழியில் போன இருவர் குழி வெட்ட உதவினார்கள். பிறகுதான் மெழுகைச் சுமந்து நடந்தேன். அளவெட்டிப் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம். விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. மெழுகை உடைத்து எல்லாருக்கும் பங்கிட்டேன். விரலளவும் மிஞ்சவில்லை.

இழந்தவை: வடிதுணி இரண்டு. வாளி ஒன்று. என் வலது காதின் கேட்கும் சக்தி. சூசை அண்ணை. அவருக்கு முன் அவர் தம்பி. அண்ணையின் குழி எனக்குத் தெரியும். தம்பியினது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அங்கேயும் துவக்கோடு ஒருவன் வந்தான்.

"மெழுகு காய்ச்சுவியாம்?"

"தெரியாது."

"பின்னை என்ன தெரியும்?"

"குழி வெட்டத் தெரியும்."

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சனத்துக்குப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் இரும்பு அலவாங்கை வாங்கினேன். முழங்கால் ஆழத்தில் கல் தட்டியது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். இடித்தேன்.