‘பேச்சு’ என்ற கட்டம்

எனக்கு நீளமாகப் பேசுகிறவர்களிடம் கோபம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தோட்டையில் தொடங்கி மாத்தளை வரும்வரை மருமகளைப் பற்றியே பேசுகிறவர்களையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். அவ்வளவிலும் கேட்க வேண்டியது ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பிரித்தெடுப்பதில் எனக்கு நல்ல கைப்பழக்கம். பதினொரு வருஷம் அதைத்தான் செய்தேன்.

விசாரணை அதிகாரி ஐயா, என் பெயர் கெத்தரின். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்ட்டின் உதவியாளர். என் கடமைப் பட்டியலில் தரை துடைப்பது, பெட்பான் எடுப்பது, நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் அந்த வார்ட்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர்கூட இருந்ததில்லை. நாற்பது கட்டில்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். ஒருநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்த அம்மா என்ன சொல்றாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்த அம்மா கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "தண்ணி வேணுமாம்" என்றேன். சிஸ்டருக்கு என்னைப் பிடித்துப்போனது.

அதன் பிறகு தாதியரின் மேசைக்குப் பக்கத்தில் நான் உட்கார எனக்கென்று ஒரு கதிரை வந்தது. துடைப்பம் வேறொருத்தியின் கைக்குப் போனது. டொக்டர்கள்கூட "கெத்தரின் எங்கே?" என்று தேடினார்கள். என்னைத் தேடுகிற ஓர் இடம் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. வீட்டில் என்னைத் தேடுவதற்கு யாரும் இல்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

நான் பொய் சொன்னதில்லை, குறைத்தேன். "உசுரு போகுதும்மா" என்றால் "கொஞ்சம் நோகுதாம்" என்பேன். எங்கள் ஆட்களுக்குப் பசித்தாலும் உயிர் போகும், பஸ் பிந்தினாலும் உயிர் போகும். ஒரு தாதிக்கு நாற்பது நோயாளிகள் என்று இருக்கும்போது, போகிற உயிர்களை எல்லாம் அப்படியே கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் மேசையில் வைப்பது நியாயமா? யாரும் முறைப்பாடு செய்ததில்லை. செய்திருந்தாலும் என் வழியாகத்தான் செய்திருக்க வேண்டும்.

போன வருஷம் கம்பஸிலிருந்து தமிழ் தெரியாத ஒரு மிஸ் ஆராய்ச்சிக்கு வந்தார். தாதியரின் எண்ணிக்கைக்கும் நோயாளர் பராமரிப்பின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்பது தலைப்பு. மூன்று வாரம் வார்ட்டில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். நோயாளி கூப்பிட்டால் நேரத்தைக் குறிப்பார். எத்தனை நிமிஷத்தில் கவனித்தார்கள் என்று குறிப்பார். எதற்காகக் கூப்பிட்டார் என்பதற்கு நான்கு கட்டங்கள் இருந்தன. வலி, மருந்து, கழிப்பறை, பேச்சு. தமிழ் நோயாளி கூப்பிட்டால் என்னைப் பார்ப்பார். நான் கட்டத்தைச் சொல்வேன்.

இரண்டாம் நாள் சிஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார். "தமிழ் ஆக்களுக்குக் கஷ்டம் என்று இந்த ஆராய்ச்சியில வந்தா, தமிழ் தெரிந்த ரெண்டு தாதிகளை அனுப்புவாங்களாம் அக்கா. உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும்."

"நல்ல விஷயம்தானே சிஸ்டர்" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குத் தாதிகள் ஞாபகம் வரவில்லை. கதிரைதான் ஞாபகம் வந்தது. மறுநாளிலிருந்து எங்கள் ஆட்கள் ‘பேச்சு’க் கட்டத்தில் நிறைய விழத் தொடங்கினார்கள். பேசிக்கொண்டுதானே இருந்தார்கள்.

செல்லச்சாமி ஐயா வந்தது மூன்றாவது வாரத்தில். மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பிளாஸ்டர் போட்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போதும், காலுக்குப் போதாது. நல்ல பகிடிக்காரர். ஆராய்ச்சியின் கடைசி நாள் காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எம் பொஞ்சாதிகூட முப்பது வருஷத்துல என்னைய இப்படி இறுக்கிப் புடிச்சதில்ல. இந்தக் கட்டு புடிச்சிருக்கு பாருங்க. மிஸ்கிட்ட சொல்லுங்க, கொஞ்சம் விடச் சொல்லி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆராய்ச்சி மிஸ்ஸும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மனைவியைப் பத்தி ஒரு பகிடி மிஸ்" என்றேன். அது முழுப் பொய் அல்ல என்பதைக் கவனிக்கவும். ‘பேச்சு’ என்று விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் மக்கீன் நானா இருந்தார். தம்புள்ளையில் வெங்காய வியாபாரம், கை முறிந்து வந்தவர். இரண்டு மொழியும் தெரிந்தவர். "தங்கச்சி, கட்டு இறுக்குதுன்னு சொல்றாரு மனுசன். அத விட்டுட்டீங்களே" என்றார்.

"அதையும் சொல்லுவேன் நானா."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க. நீங்க வெங்காயம் உரிக்கிற மாதிரியில்ல மொழிபெயர்க்கிறீங்க. உரிச்சு உரிச்சுக் கடைசில கையில ஒண்ணுமில்ல."

எனக்கே சிரிப்பு வந்தது. மத்தியானம் அவருக்கு டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். லொறி வந்து காத்திருந்ததால் அவசரமாகப் போனார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் போயிருக்கிறார்.

இரண்டு மணிக்குத் தாதி கட்டிலுக்கு வந்தார். தனி ஆளாக அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை, ஆனால் வேலையில் கவனமானவர். அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். என்னிடம் சரியாகத்தான் கேட்டார். "அக்கா, கால் விரல் மரத்திருக்கா, அசைக்க ஏலுமா என்று கேளுங்க."

நான் கேட்டேன்.

"மரத்துப் போச்சும்மா. யாரோ காலைக் கொண்டாந்து எங்கிட்ட வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. அசைய மாட்டேங்குது. வலி தாங்க முடியல" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சி மிஸ் தாளோடு இரண்டடி தூரத்தில் நின்றார். உண்மையைச் சொன்னால் டொக்டர் வருவார், கட்டை வெட்டுவார்கள். அது நல்லதுதான். ஆனால் எப்போதிலிருந்து இறுக்குகிறது என்று கேட்பார்கள். பத்து மணியிலிருந்து என்று அவர் சொல்வார். நான்கு மணி நேரம் தாளில் ஏறும். பத்து மணிக் கட்டத்தை அழித்து எழுதுவார்கள். பிறகு மற்றக் கட்டங்களையும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"விரல் நல்லா இருக்காம். நோவுக்கு மருந்து கேக்கிறார்" என்றேன்.

மருந்து கொடுத்தார்கள். ஆராய்ச்சி மிஸ் நான்கு மணிக்குப் போனதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கடைசி நாள் என்று கேக் வாங்கி வந்திருந்தார். எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குத்தான் போனார். ஏழு மணிக்கு என் வேலை முடிந்தது. இரண்டு மணிக்குத் தெரிந்ததை ஏழு மணிக்குச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். நான் மறக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அவருடைய கட்டிலைக் கடந்துதான் போனேன். "சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் ஐயா. பாப்பாங்க" என்றேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது கட்டை வெட்டியிருந்தார்கள். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்கச் சொன்னார் டொக்டர்.

"நேத்தே சொன்னேனேம்மா" என்றார் செல்லச்சாமி ஐயா.

"இன்னைக்கு விடியத்தானாம்" என்றேன்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்தார்கள். சம்மதப் பத்திரத்தை நான்தான் விளக்கினேன். இப்படிச் சிலருக்கு நடக்கும், யாருடைய தவறும் இல்லை என்று டொக்டர் சொல்வதாகச் சொன்னேன். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு அப்போது ஆறுதல் தேவைப்பட்டது.

வீட்டுக்குப் போகிற நாளில் எல்லா நோயாளிகளுக்கும் ஒரு கேள்விக் கொத்து உண்டு. அதுவும் அந்த ஆராய்ச்சிக்குத்தான்; மிஸ் விட்டுப்போன தாளில் தாதி நிரப்பி அனுப்புவார். கடைசிக் கேள்வி, நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டார்களா என்பது.

அவர் போர்வையை இழுத்துக் காலில்லாத பக்கத்தை மூடினார். "நம்ம பாஷையில கேக்க நீங்க ஒருத்தர் இருந்தீங்களேம்மா. அது போதும்" என்றார்.

அந்த ஒரு பதிலைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

அறிக்கை வந்தது. எங்கள் வார்ட்டில் தமிழ் நோயாளர்களின் திருப்தி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சிங்கள நோயாளர்களைவிட அதிகம். தமிழ்த் தாதியர் உடனடித் தேவை இல்லை என்று எழுதியிருந்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். தேவையென்றால் இணைக்கிறேன்.

பிறகு மக்கீன் நானா கிளினிக்குக்கு வந்திருக்கிறார். வரிசையில் செல்லச்சாமி ஐயாவை ஒற்றைக் காலோடு கண்டு விசாரித்திருக்கிறார். நானா அங்கேயே உட்கார்ந்து எழுதிய முறைப்பாடுதான் உங்கள் கையில் இருப்பது. அதில் இருப்பது எல்லாம் சரி. இரண்டு மணிக்கு நான் தாதியிடம் சொன்னது அவருக்குத் தெரியாது; அதை நான் மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் காலை எடுத்தது டொக்டர் இல்லை ஐயா, நான். கதிரைக்காக எடுத்தேன்.

எழுதி முடித்ததும் மனம் லேசாக இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி மூன்று வருஷமாகக் காலியாம். எனக்கு எழுத வருவது தமிழ் என்றதும், தமிழிலேயே எழுதிவிட்டுச் சிங்களப் பிரதியையும் நானே கொண்டுவர முடியுமா என்று கேட்டீர்கள். பெரியவர் நீங்கள் கேட்கும்போது எப்படி மறுப்பது? அதையும் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆறு வரிதான் வந்தது. வேலைப் பளு அதிகமாக இருந்த ஒரு நாளில் நோயாளி சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை என்றும், அதற்காக மனம் வருந்துகிறேன் என்றும் இருக்கிறது. முக்கியமானது எதுவும் விடுபடவில்லை.