சென்னையில் ஏறாத பயணி

என் பெயர் பிரகாஷ், வயது 43, தகப்பனார் பெயர் சவரிநாதன். பெங்களூர் காக்ஸ் டவுனில் மனைவி டீனாவுடன் குடியிருந்து, பீன்யாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக வேலை செய்து வருகிறேன்.

டீனாவின் தம்பி க்ளென் போர்ட் பிளேரில் ஓட்டல் சமையல் வேலையில் இருந்தான். அவன் கடலில் குளிக்கப் போய் இறந்துவிட்டதாக நேற்று முன்தினம் போன் வந்தது. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் டீனா. அக்கா முகம் பார்த்த பிறகே அடக்கம், ஆனால் இன்று மாலையைத் தாண்டி உடல் தாங்காது என்று அங்குள்ள சர்ச்சில் சொன்னார்கள்.

எங்கள் சொந்தத்தில் யாருக்கு டிக்கெட் என்றாலும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. பெங்களூரிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் இடம் இல்லை என்று காட்டியது. சென்னையில் புறப்பட்டு, பெங்களூரில் இறங்கி, அந்த நேர் விமானத்திலேயே மாறிப் போகிற டிக்கெட்டில் ஒரு இடம் காட்டியதால் டீனாவுக்கு அதை எடுத்தேன். டீனா, "நாம சென்னையில இல்லியேங்க, சரியா வருமா?" என்று கேட்டாள்.

"பஸ்ல ரெண்டாவது ஸ்டாப்ல ஏறுறதில்லையா, அதே மாதிரிதான். சும்மா இரு" என்றேன்.

இன்று விடியற்காலை விமான நிலைய வாசலில் டிக்கெட் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு வெளியே உள்ள டிக்கெட் கவுன்டருக்குப் போனோம். அங்கிருந்த சுதீர் என்பவர், "சார், ஒரே டிக்கெட்ல ஃபர்ஸ்ட் ஃப்ளைட் ஏறலைன்னா மிச்சமும் தானா கேன்சல் ஆயிடும். டாக்ஸ் மட்டும்தான் ரீஃபண்ட்" என்றார். ரீஃபண்டை நீயே வைத்துக்கொள், இவளை ஏற்றிவிடு என்று கத்தினேன். டீனா அழவில்லை. தம்பிக்குப் போட வாங்கிய வெள்ளைச் சட்டையைப் பையோடு இடுக்கிக்கொண்டு நின்றாள். அதன் பிறகு மேற்படி சுதீர் போனை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பேசினார். எங்களைத் துச்சமாக நினைத்து வேறு கதை பேசுகிறார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கக் கதவு வழியாக உள்ளே போய், தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்தில் ஓங்கிக் குத்தினேன்.

அவர் வாயில் ரத்தம் வந்து உட்கார்ந்துவிட்டார். கீழே விழுந்த போனை டீனா எடுத்துக் காதில் வைத்தாள். அந்தம்மாவின் சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, புது டிக்கெட் போட்டு உடனே ஏற்றிவிடு என்று சுதீரின் மேனேஜர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அதற்குள் செக்யூரிட்டி வந்து எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு, கவுன்டரை மூடிவிட்டார்கள். விமானம் போய்விட்டது.

இப்போது டீனா இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அடக்கத்தை மொபைலில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அடித்தது நான் மட்டும்தான், டீனா யாரையும் தொடவில்லை, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுகிறேன். இதைத் தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ச. பிரகாஷ்