ஆலாத் திட்டில் இரண்டு கோடைகள்

எனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டும். ஆயுள் முழுக்க முட்டைகளைப் பார்த்தே பிழைப்பு நடத்தும் ஆளுக்கு இப்படியொரு உடம்பு என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். காலையில் நீங்கள் வாங்கித் தந்ததை நான் தொடாமல் வைத்ததற்கு அதுதான் காரணம், கோபம் இல்லை. உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. விசாரணையில் கேள்விகளை மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். நடந்ததை என் போக்கில் எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நான் பறவை ஆராய்ச்சியாளன். ஏரிக்கு நடுவில் இருக்கும் மணல் திட்டில் கோடைதோறும் ஆலாக்கள் முட்டையிட வரும். ஆலா என்பது கறுப்புத் தலையும் கூரான சிறகும் கொண்ட நீர்ப்பறவை. கூடு கட்டும் வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. மணலில் ஒரு சின்னக் குழி பறித்து, முட்டையை வைத்து, மேலே உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறினால் ஏரிக்குப் பறந்து போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமரும். காய்ந்ததும் மறுபடி போகும். ஆண்டுக்கு ஆண்டு வெயில் கூடிக்கொண்டே போனதில் அந்த ஈரம் போதாமல் முட்டைகள் உள்ளேயே வெந்து போகத் தொடங்கின. அதை முதலில் கண்டு சொன்னவன் நான்தான். பத்து ஆண்டுகளுக்குள் இந்தத் திட்டில் ஓர் ஆலாகூட மிஞ்சாது என்று எழுதினேன்.

அந்த ஒரு வரி என்னை எங்கெங்கோ கொண்டு போய் நிறுத்தியது. சுற்றுலாப் படகுகள் திட்டை நெருங்கக் கூடாது என்று ஆணை வந்தது. கரையில் ஓர் ஆய்வு நிலையம் எழும்பியது. பத்திரிகைக்காரர்கள் எனக்கு 'ஆலா டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். என் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. ஒருமுறை மேடையிலேயே எனக்கும் குரல் உடைந்தது, அதில் நடிப்பு எதுவும் இல்லை.

என் மனைவியின் தங்கையை இந்தத் துறைக்கு அழைத்து வந்ததும் நான்தான். பள்ளியில் படிக்கும்போதே என் பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறவள். ஆய்வு நிலையத்தில் அவள் வேலை, முட்டைகளுக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெப்பமானியை வைப்பது, குஞ்சு வெளிவரும்வரை கவனிப்பது. எங்கள் இருவரையும் திட்டில் கொண்டுபோய் விடுகிறவர் ஒரு படகோட்டி. இரண்டு துடுப்பும் ஓர் ஓட்டையும் உள்ள படகு அவருடையது. எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு கோடையின் முடிவில் அவள் முழங்கால் எல்லாம் மணலாக என் அறைக்குள் ஓடி வந்தாள்.

"அத்தான், உங்க ஆலாங்க உங்களையே ஏமாத்திடுச்சுங்க."

"என்னம்மா சொல்ற?"

"இடத்தை மாத்திக்கிச்சுங்க அத்தான். கிழக்குப் பக்கம் கோரைப் புல்லு நிழல்ல முட்டை வெச்சிருக்குங்க. சீசனையும் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சுங்க. போன வருஷத்தைவிட குஞ்சு ஜாஸ்தி. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னே தெரியல."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். போய் முதலில் சாப்பிடு என்றும் சொன்னேன்.

அவள் போன பிறகு நிதானமாக யோசித்தேன். ஆலாக்கள் பிழைத்துக்கொண்டன என்று அவள் எழுதினால், இனி இந்தத் திட்டுக்குப் பாதுகாப்பு எதற்கு என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். படகுகள் திரும்ப வரும். அப்புறம் பறவைகள் கதி அதோகதிதான். அப்படி யாராவது சொன்னார்களா என்று நேற்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. ஆணை நிரந்தரமானது என்று நீங்கள் சொன்னதும் சரிதான், அது எனக்கும் தெரியும். ஆனால் சொல்லவே மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒருமுறை நல்ல சேதி வந்துவிட்டால் ஜனங்கள் அலட்சியமாகி விடுவார்கள்.

அதனால் அடுத்த கோடையில் முட்டைகளுக்கு எண்ணெய் பூசினேன்.

நேற்று இதைச் சொன்னபோது உங்கள் உதவியாளர் முகம் சுளித்தார். இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பறவைத் தொல்லை அதிகமான நகரங்களில் செய்கிற காரியம்தான். முட்டை ஓட்டில் நம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, உள்ளே இருக்கும் குஞ்சு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடும். சமையல் எண்ணெயைத் தூரிகையால் மெல்லப் பூசினால் துளைகள் அடைபட்டுவிடும். முட்டையை உடைத்தால் ஆலா வேறு முட்டை இட்டுவிடும். எண்ணெய் பூசினால் அதற்கு எதுவும் தெரியாது. நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும். வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உயிரில்லாத முட்டையைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். குஞ்சு வெளியே வந்து வெயிலில் துடித்துச் சாவதைவிட இது எவ்வளவோ மென்மையான வழி என்பது என் அபிப்பிராயம்.

மதியத்தில் அவள் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கேப்டன் படகிலேயே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுவார். வேலை சிரமமாக இல்லை. வீட்டில்தான் சின்னத் தொந்தரவு. "இந்த வீட்ல எண்ணெயைக் குடிக்கிறது யாரு?" என்று மனைவி அடிக்கடி கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

முட்டைகள் பொரிக்கவில்லை. அவள் சோறு தண்ணி இல்லாமல் திட்டிலேயே கிடந்தாள். ஒருநாள் ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தான், முட்டை மேல மணல் ஒட்டியிருக்கு பாருங்க. ஒட்டக் கூடாதே."

"கையில என்னம்மா தடவியிருக்க?" என்று கேட்டேன்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். வெயிலுக்காகத் தினமும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்வாள், அது பிசுபிசுவென்று இருக்கும். முகம் செத்துப்போய்விட்டது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தோல் உரியும்வரை கை கழுவ ஆரம்பித்தாள். அந்த ஆண்டுக் கூட்டத்தில், யாரும் கேட்காமலேயே எழுந்து, முட்டைகள் தன் கவனக்குறைவால் செத்தன என்று சொன்னாள். நான் முன்வரிசையிலிருந்து எழுந்து போய் அவள் தோளைத் தொட்டு, "தப்பு யாருக்கும் வரும்மா" என்றேன். என் பெருந்தன்மையைப் பற்றிப் பலர் பேசிக்கொண்டார்கள்.

அவள் ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். பறவைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறாள் என்று மனைவி சொல்லி அழுதாள். நம் வீட்டுப் பிள்ளை இல்லையா? அவளுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அடுத்த கோடை வந்தது. அவள் திட்டில் இல்லாத கோடை. முட்டைகள் ஒழுங்காகப் பொரித்துவிட்டால், கொன்றது அவள்தான் என்பது ஊர்ஜிதமாகிவிடும், பழி ஆயுளுக்கும் போகாது. அவள்மேல் இருக்கும் பழி நீங்கவேண்டும் என்றால், அவள் இல்லாதபோதும் முட்டைகள் பொரிக்கக் கூடாது. இதற்கு வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள். ஆகவே இரண்டாம் கோடையில் நான் எண்ணெய் பூசியது முழுக்க முழுக்க அவளுக்காக.

குஞ்சு வரவேண்டிய காலம் கடந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். "நீ காரணமில்லம்மா. நீ கை வைக்காத வருஷமும் பொரிக்கல. எல்லாம் வெயில்தான்."

"நெஜமாவா அத்தான்?" என்றாள். அப்புறம் வெகுநேரம் அழுதாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியான தூக்கம் வந்தது. ஒருவருக்கு நல்லது செய்தால் வருகிற தூக்கம்.

ஆனால் நான் பழக்கிய பெண் அவள், காதால் கேட்டதோடு விடமாட்டாள். எனக்குத் தெரியாமல் கேப்டனைக் கூட்டிக்கொண்டு திட்டுக்குப் போயிருக்கிறாள். ஆலாக்கள் அப்போதும் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. முட்டைகளில் மணல் ஒட்டியிருந்தது. முந்தைய கோடையில் மணல் ஒட்டியதற்கு அவள் கை காரணம் என்று முடிவாகியிருந்தது. இந்தக் கோடையில் அவள் கை அந்தப் பக்கமே வரவில்லை. முட்டை பொரிக்காமல் இருப்பதைப் பற்றி மட்டும் யோசித்த நான் மணலை மறந்துவிட்டேன். இத்தனை ஆண்டு அனுபவத்தில் இப்படியொரு பிழை வந்திருக்கக் கூடாது.

ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுச் சமையலறைக்குத்தான் போனாள். என் மனைவி விரலால் அதைத் தடவிப் பார்த்தாளாம். கத்தவில்லை, அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தங்கையோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனதில் இன்னொரு சீசனும் வந்துவிட்டது. திட்டுக்கு இந்த முறை ஓர் ஆலாவும் வரவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அடுத்தடுத்து இரண்டு கோடை குஞ்சு எடுக்க முடியாத இடத்தை அவை விட்டுப் போவது உண்டு. எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

நேற்று அவளை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். எதிரே உட்கார்ந்தாள். கைகளில் தோல் இன்னும் சரியாக ஆறவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அத்தான், அந்தப் பறவைங்க உங்களை என்ன பண்ணுச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னைக் கேக்காம பொழச்சுக்கிச்சுங்க," என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். வாசலில் நின்ற உங்கள் காவலர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார், உங்களிடம் சொல்லியிருப்பார். அது வாய் தவறி வந்த பேச்சு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்ததெல்லாம் ஆலாக்களின் நன்மைக்காகத்தான்.